‘பெலெத்தாக்கான்’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

மலேசியாவின் பினாங்கில், நிபோங் திபால் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள் இன்று பிறை தொழிற்சாலைகளில் துப்புரவும் காவலும் பார்க்கிறார்கள். தோட்டத்தில் வேலை போனால் வீடும் சேர்ந்து போகும். ஊரே கூடி சத்தம் போடும். இங்கே அந்த வேலைகளின் குத்தகை வேறு கம்பெனிக்குக் கைமாறினால் ஒரு தாளோடு சத்தமில்லாமல் முடிகிறது.

பக்கத்து வீட்டு அக்கா ஒரே தொழிற்சாலையில் எட்டு வருடம் கூட்டியவர். குத்தகை முடிந்த அன்று சூப்பர்வைசர் மோட்டார் சீட்டில் கடிதத்தை வைத்து, “சைன் போடுங்கக்கா, புதுக் கம்பெனி எடுத்துக்கும்” என்றார். அதில் மலாயில் ‘பெலெத்தாக்கான் ஜாவாத்தான்’ என்றிருந்தது. தானாக விலகுகிறேன் என்று அர்த்தம். இருக்க வேண்டிய சொல் ‘பெனாமாத்தான்’, அதாவது பணிநீக்கம்.

அந்த ஒரு சொல்லுக்கு என்ன விலை? 1980 பணிநீக்க இழப்பீட்டு விதிமுறைப்படி ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, ஆட்குறைப்பில் வருடத்துக்கு 20 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து வருடம் என்றால் 15 நாள், அதற்குக் கீழே 10; ஒரு வருடமாவது முடித்திருக்க வேண்டும். அக்காவுக்கு 160 நாள். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 8,900 ரிங்கிட். தானாக விலகினால் ஒரு காசும் கிடையாது.

சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை காப்புறுதியும் அப்படியே. 2018 முதல் சம்பளத்தில் 0.2 விழுக்காடு பிடிக்கிறார்கள். பே சிலிப்பில் எஸ்.ஐ.பி. என்று இருக்கும். வேலை போனால் சில மாதங்களுக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் தானாக விலகியவருக்கு இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தவருக்கும் இல்லை. வருடா வருடம் ஓராண்டு ஒப்பந்தம் நீட்டும் முதலாளிக்கு இது நன்றாகவே தெரியும்.

அப்புறம் அலைச்சல். லேபர் ஆபிஸில் கடிதம் கேட்பார்கள். கம்பெனியில் கேட்டால் எச்.ஆர். கோலாலம்பூரில் இருக்கிறார் என்பார்கள். அவர் போன் எடுக்க மாட்டார். இதிலேயே ஒரு மாதம் ஓடிவிடும். சொக்சோ மனுவுக்கு உள்ளது 60 நாள்தான். கடிதத்துக்காகக் காத்திருக்காமல் மனுவைப் போடுங்கள்; பே சிலிப், வாட்ஸ்அப் செய்தி, கையில் உள்ளதையெல்லாம் சேர்த்துக் கொடுங்கள்.

மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்களா? அது தொழில் உறவுத் துறை. வேறு கட்டடம், வேறு படிவம், அங்கேயும் 60 நாள்.

கடிதத்தின் தேதியையும் பாருங்கள். அக்காவுடையதில் மூன்று வாரம் முன்தேதி போட்டிருந்தார்கள்.