உஜாமா: உறவு என்று பொருள்படும் ஒரு வேளாண்மைச் சொல்

தான்சானியாவின் கிராமங்களைப் பற்றிப் படித்தால் 'உஜாமா' என்ற சொல் கண்ணில் படாமல் போகாது. 'ஆப்பிரிக்க சோசலிசம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் சொல்லின் உயிர் அதில் இல்லை.

தான்சானியாவின் பொதுமொழியான சுவாகிலியில் 'ஜமா' என்றால் குடும்பம், உறவுக்காரர்கள். முன்னால் நிற்கும் 'உ' பண்புப்பெயர் ஆக்குகிறது. நம் 'மை' விகுதி பின்னால் நின்று செய்யும் வேலை. 'ஜமா'வின் மூலம் அரபி. ஒன்றுகூடுவது என்பது வேர்ப்பொருள். பள்ளிவாசல் ஜமாத்தும் தாலுகா அலுவலக ஜமாபந்தியும் அதே வேரிலிருந்து நம்மிடம் வந்தவை.

பின்னாளில் தான்சானியாவின் முதல் அதிபரான ஜூலியஸ் நைரேரே 1962-இல் இந்த வீட்டுச் சொல்லை அரசியலுக்குக் கொண்டுவந்தார். சிதறிக் கிடந்து தனித்தனியாக மண்ணைக் கொத்துகிறவருக்கு ஏரும் எட்டாது, பள்ளியும் எட்டாது. உறவுபோலச் சேர்ந்து உழைத்தால் வறுமை விலகும் என்பது அவர் நம்பிக்கை. அந்த உறவில் சோம்பலுக்கு இடமில்லை. 'விருந்தாளிக்கு இரண்டு நாள் சோறு. மூன்றாம் நாள் கையில் மண்வெட்டி கொடு' என்ற சுவாகிலிப் பழமொழியை அவர் எடுத்துக்காட்டினார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்கிற நமக்கு இது உடனே புரியும்.

நாட்டின் தெற்கே ருவுமா வட்டாரத்தில் லிட்டோவா முதலிய ஊர்களின் உழவர்கள் 1960-களில் தாங்களாகவே இப்படி வாழ்ந்து காட்டினார்கள். பொது நிலத்தில் எதை விளைவிப்பது, வருமானத்தை எப்படிப் பங்கிடுவது என்பதையெல்லாம் ஊர்க்கூட்டமே முடிவு செய்தது. அவர்களின் சங்கத்தை 1969-இல் ஆளுங்கட்சியே கலைத்தது. இந்த வரலாற்றில் எனக்கு ஆறாத வருத்தம் இதுதான். 1973-இல், அரசு வகுத்த ஊர்களுக்குக் குடிபெயர்வது ஆணையாயிற்று. லட்சக்கணக்கானோர் தங்கள் வயலை விட்டுப் பெயர்க்கப்பட்டார்கள்; அடுத்து வறட்சியும் சேர, நாடு தானியத்தை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று.

தமிழில் என்ன சொல்வது? 'பொதுவுடைமை', 'சமவுடைமை' இரண்டிலும் சொத்து இருக்கிறது, சொந்தம் இல்லை. 'கூட்டுப்பண்ணை' வேலைமுறையை மட்டும் சொல்கிறது. நான் 'உறவுடைமை' என்பேன். அன்புடைமையில் உள்ளதுபோல் 'உடைமை' இங்கே பண்பையும் குறிக்கும், உறவினர் அனைவருக்கும் உரிய பொருளையும் குறிக்கும்.

கட்டாயக் குடியேற்றத்துக்கு இச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. அதற்குச் சுவாகிலியிலேயே தனிப்பெயர் உண்டு: 'ஒபரெஷேனி விஜிஜி', அதாவது 'ஊர்கள் நடவடிக்கை'. அந்தப் பெயரில் ஜமா இல்லை.