விவிடி டெலீட்: முடக்கமா, பூட்டா, நீக்கமா?

அமெரிக்காவில் பழைய ஜீப்பிலோ டொயோட்டா பிக்கப்பிலோ செவர்லே வி8 எஞ்சினை ஏற்றி, பாறைப் பாதைக்குத் தயார் செய்பவர்களின் பேச்சில் அடிக்கடி வரும் சொல் 'விவிடி டெலீட்'. ஒரே சொல்தான், ஆனால் அதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. எந்த வேலை என்று தெரியாமல் பாகம் வாங்கினால் பணம் வீண்.

விவிடி என்பது 'வேரியபிள் வால்வ் டைமிங்'. வால்வு திறந்து மூடும் நேரத்தை, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்பின் நகர்த்தும் ஏற்பாடு. விற்பனைக் கார்களில் இதை முதலில் கொண்டுவந்தது 1980-இல் ஆல்ஃபா ரோமியோ. செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் புஷ்ராடு வி8-க்கு, அதாவது கேம் தண்டு கீழே இருந்து கம்பிகள் வழியாக வால்வுகளைத் திறக்கும் எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு, இது 2007 காடிலாக் எஸ்கலேடின் எல்92 எஞ்சினில் வந்தது. அதில் கேம் தண்டு ஒன்றுதான். அதனால் காற்று உள்ளே வரும் வால்வும் புகை வெளியேறும் வால்வும் சேர்ந்தே நகரும். கேமின் முன்முனைப் பல்சக்கரத்துக்குள் இருக்கும் 'பேசர்' என்ற உறுப்பில் எண்ணெய் அழுத்தம் ஒரு பக்கம் தள்ளினால் கேம் முந்தும், மறுபக்கம் தள்ளினால் பிந்தும். எண்ணெயை எந்தப் பக்கம் விடுவது என்பதைக் கேமின் நடு போல்ட்டிலேயே உள்ள சிறு வால்வு பார்த்துக்கொள்கிறது. அதை இயக்கும் மின்காந்தம் முன்மூடியில் இருக்கிறது.

சொற்களுக்கு வருவோம். 'வால்வ்' லத்தீனின் 'வால்வா'விலிருந்து வந்தது. மடக்குக் கதவின் ஒரு பலகை என்று பொருள். தமிழில் அடைப்பிதழ், ஓரதர் என்ற சொற்கள் உண்டு. அதர் என்றால் வழி. ஒருவழித் தடுப்புக்கு ஓரதர் அழகாகப் பொருந்தும். எஞ்சினுக்கு வால்வு என்றே எழுதலாம், பட்டறையில் அப்படித்தான் சொல்கிறார்கள். 'கேம்' தண்டுக்கு நெம்புருள் தண்டு என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது. உருண்டபடி நெம்புகிறது, அதுதானே அதன் வேலை. விவிடியை வால்வு நேர மாற்றம் எனலாம்.

'டெலீட்' லத்தீனில் அழித்தல். வாகன உலகில் அதன் பொருள் கொஞ்சம் வேறு. அமெரிக்காவில் ரேடியோ வேண்டாம் என்று கார் வாங்கினால் அது 'ரேடியோ டெலீட்'. ரேடியோ இருக்கவேண்டிய ஓட்டையை ஒரு தகடு மூடியிருக்கும். எடுப்பது, எடுத்த இடத்தை மூடுவது, இரண்டும் அந்தச் சொல்லில் உண்டு.

இனி அந்த மூன்று வேலைகள். ஈசியு என்ற எஞ்சின் கணினியின் மென்பொருளில் மட்டும் நிறுத்தினால் அது முடக்கம். பேசர் இடத்திலேயே இருக்கும், நகராது. மென்பொருளைத் தொடாமல் மின்காந்தத்தின் வயர் இணைப்பை மட்டும் பிடுங்கினால் எச்சரிக்கை விளக்கு எரியும். பேசருக்குள் கட்டை வைத்து அசையாமல் செய்தால் பூட்டு. முழுதாக நிறுத்தாமல் அசைவைக் குறைத்தால் அது வரம்பு, பூட்டின் இன்னொரு வகை. வால்வை அதிகம் தூக்கும் கேம் போடுபவர்களுக்கு இது முக்கியம், கேம் அதிகம் நகர்ந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். பேசரையே கழற்றி, சாதாரணப் பல்சக்கரம், அதற்கேற்ற கேம், விவிடி இல்லாத முன்மூடி எல்லாம் போட்டால்தான் நீக்கம். கேமின் நிலையை அறியும் சென்சாரும் பல்சக்கரமும் ஒத்துப்போகின்றனவா என்று அப்போது பார்க்க வேண்டும்.

விவிடியைக் கையாளத் தெரியாத ஈசியு கையில் இருந்தால் நீக்கம் நியாயம். வெறும் பயத்தில் எடுக்காதீர்கள் என்பேன். பாறையில் மெல்ல ஏறும் வண்டிக்கு வேண்டியது குறைந்த சுற்றில் இழுவை. கேமை முந்த வைத்து அதைத் தருவதே விவிடிதான். புகைக் கட்டுப்பாட்டிலும் அதற்குப் பங்கு உண்டு, கலிஃபோர்னியா போன்ற இடத்தில் சாலையில் ஓட்டுவதானால் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. 'ஏஎஃப்எம் (ஆக்டிவ் ஃப்யூயல் மேனேஜ்மென்ட்) டெலீட்' வேறு வேலை. அது எட்டில் நான்கு சிலிண்டர்களை ஓய்வில் வைக்கும் ஏற்பாட்டை எடுப்பது; அதற்குக் கேமின் மேல் அமர்ந்து கம்பிகளைத் தள்ளும் லிஃப்டர்களையும், இரு சிலிண்டர் வரிசைகளுக்கு இடையிலுள்ள நடுமூடியையும் மாற்ற வேண்டும். தமிழில் அதைச் சிலிண்டர் ஓய்வு நீக்கம் என்று தனியாக எழுதிவிட்டால் இரண்டும் கலக்காது.