அம்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

“கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸின் லோகோவில் ஒரு அம்பு இருக்கிறதாமே, எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லையே?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கண்ணில் கோளாறு இல்லை. மூளை அதன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அவ்வளவுதான்.

1994இல் லேண்டார் என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் லிண்டன் லீடர் உருவாக்கிய லோகோ அது. பெரிய ஆங்கில ‘ஈ’யின் (E) நடுக்கோட்டுக்கும் அடிக்கோட்டுக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளிதான் அம்பின் தண்டு. அடுத்து நிற்கும் சின்ன ‘எக்ஸ்’ (x) இடப்பக்கம் உள்வாங்கியிருக்கிறதே, அங்கே அம்பின் முனை. இரண்டும் ஒரே மட்டத்தில் வந்து சேர யூனிவர்ஸ், ஃபியூச்சுரா எழுத்துருக்களைக் கலந்து, சின்ன எழுத்துகளின் உயரத்தையும் அவர் கூட்ட வேண்டியிருந்தது.

சரி, ஏன் தெரிவதில்லை? இரண்டு வீட்டுக்குப் பொதுச்சுவர் இருக்கலாம். மூளையோ ஒரு விளிம்பை ஒரு பக்கத்துக்குத்தான் பட்டா போட்டுக் கொடுக்கும். பட்டா கிடைத்த பக்கம் உருவம். மற்றது வெறும் பின்னணி, அதற்கு வடிவமே கிடையாது. நன்கு பழகிய எழுத்துகள் விளிம்பை எடுத்துக்கொள்வதால் வெள்ளைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இந்தப் பட்டா விவகாரத்தைக் குரங்கு மூளையில் நேரடியாகவே பதிவு செய்திருக்கிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வான் டெர் ஹைட் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வு அது. கண்ணில் விழுவதை மூளையில் அலசும் பார்வைப் புறணியின் இரண்டாம் பகுதியில் உள்ள ஒரு நரம்பணுவுக்கு ஒரு துண்டு விளிம்பு மட்டுமே தெரியும். ஆனாலும் அந்த விளிம்பு இடப்பக்கச் சதுரத்தின் ஓரமாக இருந்தால் படபடவென்று துடிக்கிறது. வலப்பக்கச் சதுரத்தின் ஓரமானால் அடங்கிவிடுகிறது. நரம்பணுவின் பார்வைக்குள் விழும் படம் இரண்டு தடவையும் ஒன்றேதான்! சதுரம் எந்தப் பக்கம் என்று அதற்கு யார் சொன்னது? சுற்றுப்புறச் செய்தி சில பத்து மில்லிநொடிகளுக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. எனக்கு இதைவிடப் பெரிய மாயாஜாலம் வேறில்லை. குரங்குக்குச் சதுரம் காட்டுவதற்கெல்லாம் நிதியா என்று முணுமுணுப்பவர்கள், லோகோவுக்கு ராசியான நிறம் கேட்டு ஜோதிடருக்குக் கொடுக்கும் தட்சிணையையும் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம்.

இன்னும் அம்பு பிடிபடவில்லையா? லோகோவைத் தலைகீழாகத் திருப்புங்கள். எழுத்தின் பழகிய முகம் குலைந்தால் அதன் பிடி தளரும். அப்புறம் அந்த இரண்டு எழுத்துகளின் ஆரஞ்சு நிறத்தை விட்டுவிட்டு வெள்ளையை மட்டும் தேடுங்கள்.