அளவீட்டுப் பிழை

பிரிண்டருக்கு கலர் புரொஃபைல் (அது நிறங்களை எப்படி அச்சிடுகிறது என்று சொல்லும் கோப்பு) செய்ய, நூற்றுக்கணக்கான நிறக் கட்டங்கள் கொண்ட சார்ட்டை அச்சிட்டு, ஒவ்வொன்றையும் நிறம் அளக்கும் கருவியான ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரால் அளக்கிறோம். கருவி காட்டும் எண்ணுக்கும் கட்டத்தின் உண்மையான நிறத்துக்கும் உள்ள இடைவெளிதான் அளவீட்டுப் பிழை. புழக்கத்தில் மெஷர்மென்ட் எரர்.

எரர் என்பதன் லத்தீன் வேர் ‘எர்ராரே’. அலைதல், வழி விலகுதல் என்று பொருள். தமிழில் பிழைத்தலுக்குக் குறி தப்புதல் என்ற பழைய பொருள் உண்டு. 772ஆம் குறளின் ‘யானை பிழைத்த வேல்’ யானைமேல் எறிந்து குறி தப்பிய வேல். எறிந்தவனுக்கு அங்கே பாராட்டுதான், பழி இல்லை. அளவியலுக்கு வேண்டிய தொனியும் அதுவே.

தவறு வேறு. சார்ட்டில் ஒரு வரிசையை விட்டு அடுத்ததை ஸ்கேன் செய்துவிட்டால், மஞ்சள் இருக்கவேண்டிய இடத்தில் நீலத்தின் எண் உட்கார்ந்திருக்கும். டெல்டா ஈ, அதாவது இரு நிறங்களுக்கிடையிலான வேறுபாட்டைக் காட்டும் எண், எகிறிவிடும். இந்த கிராஸ் எரரை ‘மொத்தப் பிழை’ என்று எழுதுவதுண்டு. இங்கே கிராஸ் கூட்டுத்தொகை அல்ல. ‘பெருந்தவறு’ என்றால் போதும். அந்த வரிசையை மறுபடி அளக்க வேண்டியதுதான். சராசரியில் சேர்த்தால் நல்ல எண்ணும் கெடும்.

ரேண்டம் எரருக்குத் தற்செயல் பிழை. ஒரே சாம்பல் கட்டத்தின் எல் மதிப்பு (வெளிர்மையின் அளவு) 51.2, 50.9, 51.4 என்று மாறி மாறி வருவது இது. 4 முறை அளந்து சராசரி எடுத்தால் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் ஒரே தாளைத் திரும்பத் திரும்ப அளந்தால் கருவியின் தடுமாற்றம் மட்டுமே குறையும். பிரிண்டரின் தடுமாற்றமும் குறைய, கட்டங்களை இடம் மாற்றிக் கலைத்துப் போட்டு வேறு தாள்களிலும் அச்சிட வேண்டும்.

சிஸ்டமேட்டிக் எரரை ‘முறையான பிழை’ என்றால் ஏதோ அனுமதி வாங்கிச் செய்தது மாதிரி இருக்கிறது. முறைசார் பிழை என்பதே சரி. மை காயுமுன் அளப்பது, மெல்லிய தாளுக்கடியில் மேசையின் நிறம் தெரிவது எல்லாம் இந்த வகை. எத்தனை முறை அளந்தாலும் எண் ஒரே பக்கம் சாயும் என்பதால் சராசரி உதவாது. மை நன்றாகக் காயட்டும், அடியில் வெள்ளைத் தாள்களை அடுக்குங்கள். தாளில் ஒளிர்வூட்டி (புற ஊதா ஒளியில் ஒளிர்ந்து தாளை வெள்ளையாகக் காட்டும் பொருள்) இருந்தால், ஐஎஸ்ஓ 13655 தரநிலை சொல்லும் எம்0, எம்1, எம்2 அளவீட்டு நிலைகள், அவற்றின் ஒளியில் புற ஊதா வேறுபடுவதால், வெவ்வேறு எண் தரும். ஒரே புரொஃபைலில் அவற்றைக் கலக்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சுவதை ஸ்மூத்திங், அதாவது எண்களின் மேடுபள்ளத்தைச் சமன் செய்யும் சீராக்கல், பார்த்துக்கொள்ளும். ஆர்கில் மென்பொருளில் புரொஃபைல் செய்யும் கருவியான கால்ப்ராஃப், நாம் வேறு சொல்லாவிட்டால், அளவுகளின் சராசரி விலகலை 0.5 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறது. அதைக் கூட்டினால் ஒவ்வொரு எண்ணையும் நம்புவது குறையும். சீராக்கல் போதாவிட்டால் சாம்பல் சரிவில் பட்டை பட்டையாகத் தெரியும். அதிகமானாலோ, வெளிர் சயான் மை முடிந்து அடர் சயான் மை தொடங்கும் இடத்தில் பிரிண்டரிலேயே இருக்கும் நிஜ வளைவும் அழிந்துபோகும்.