காரில் சி.என்.ஜி. கிட் மாட்டப் போகிறீர்களா? முதலில் ஆர்.சி. வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. அப்போதிருந்து, "இருக்கிற காரிலேயே கியாஸ் கிட் மாட்டிக்கொள்ளலாமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பெட்ரோல் காரை சி.என்.ஜி. என்ற இயற்கை எரிவாயுவிலும் ஓட வைக்கும் கிட்டை மாட்டலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் மாட்டியதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், பதிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். இந்த ஒரு வேலையில்தான் சாதாரண மக்கள் ஏமாற்றப்படுகிறார்கள், அலைக்கழிக்கப்படுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த கால் டாக்சி ஓட்டுநர் ஒருவர் கடன் வாங்கி கிட் மாட்டினார். "ஆர்.டி.ஓ. வேலையெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி, அதற்கும் சேர்த்தே கடைக்காரர் பணம் வாங்கிக்கொண்டார். வண்டி விபத்தில் சிக்கி இன்சூரன்ஸ் கேட்கப் போனபோதுதான் தெரிந்தது, ஆர்.சி.யில் எரிபொருள் இன்னமும் பெட்ரோல் என்றே இருக்கிறது. வண்டியில் சிலிண்டர் இருக்கிறது, பாலிசியில் இல்லை என்று காட்டி கம்பெனி கையை விரித்துவிட்டது. கடைக்காரர் போனை எடுக்கவில்லை. ஓட்டுநர் செய்த ஒரே தவறு வாய்வார்த்தையை நம்பியதுதான்.

ஆகவே, முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் "பெட்ரோல்/சி.என்.ஜி." என்று ஏறிய பிறகுதான் கடைசித் தவணை என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, உங்கள் வண்டிக்கு அந்த கிட் பொருந்துமா என்பது. எஞ்சினில் மாட்ட இடம் இருந்தால் போதும் என்று கடையில் சொல்வார்கள். அது போதாது. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐ.சி.ஏ.டி. போன்ற பரிசோதனை நிறுவனங்கள் ஒவ்வொரு கிட்டுக்கும் அங்கீகாரச் சான்று தருகின்றன. எந்தப் புகை விதிக்கு உட்பட்ட வண்டி, எஞ்சின் எத்தனை சி.சி. என்பதெல்லாம் அதில் இருக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு புதிதாக வாங்கிய கார் என்றால் அது பி.எஸ்.-6 என்ற புகை விதிக்கு உட்பட்டது. முந்தைய விதியான பி.எஸ்.-4 வண்டிக்கு அங்கீகாரம் பெற்ற கிட்டை அதில் மாட்டினால் ஆர்.சி.யில் ஏற்ற மாட்டார்கள். பி.எஸ்.-6 பெட்ரோல் கார்களில் கிட் மாட்டவே 2022 ஆகஸ்டில்தான் மத்திய அரசு அனுமதி தந்தது. அதற்கு முன்பு, "சீக்கிரம் அனுமதி வந்துவிடும், இப்போதே மாட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி விற்ற கடைகள் உண்டு. பணத்தைக் கட்டிவிட்டு ஆர்.டி.ஓ. வாசலில் நின்றவர்களும் உண்டு.

அங்கீகாரச் சான்றின் ஆயுள் 3 வருடம்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். கடைச் சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருக்கும் சான்று காலாவதியானதாக இருக்கலாம். தேதியைப் படியுங்கள். உங்கள் மாடலும் சி.சி.யும் அதற்குள் வருகிறதா என்று பாருங்கள். கிட் கம்பெனி அந்தக் கடைக்குத் தந்த அனுமதிக் கடிதத்தையும் கேளுங்கள். இவை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு அட்வான்ஸ் கொடுத்தால் போதும். டீசல் கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சையே விட்டுவிடலாம். அதற்கு எஞ்சினையே மாற்ற வேண்டும், செலவு கட்டுப்படியாகாது.

சரி, கிட் சரியானதுதான் என்றால் அப்புறம் ஆர்.டி.ஓ. வேலை. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி மாற்றத்துக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் (மோட்டார் வாகன ஆய்வாளரிடம்) காட்ட வேண்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் முதல் படியிலேயே நிற்கும். ஓ.டி.பி. ஆர்.சி.யில் பதிந்திருக்கும் எண்ணுக்குத்தான் போகும். பழைய கார் வாங்கியவர்களுக்கு அது முன்னாள் உரிமையாளரின் எண்ணாகவோ, அவர் எப்போதோ தூக்கிப் போட்ட எண்ணாகவோ இருக்கும். எண்ணை மாற்றுவது தனி வேலை. ஆர்.சி.யே இன்னும் உங்கள் பெயருக்கு மாறவில்லை என்றால், பெயர் மாற்றத்தை முடிக்காமல் கிட் பக்கமே போகாதீர்கள். கட்டாத இ-சலான் (போக்குவரத்து அபராதம்) இருந்தாலும் விண்ணப்பம் நிற்கும். காரின் மேல் கடன் இருந்தால் வங்கியிடமோ பைனான்ஸிடமோ என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், வாங்க வேண்டும். பல பைனான்ஸ் கம்பெனிகள் ஒரு கடிதத்துக்காக ஆளை வாரக்கணக்கில் இழுத்தடிக்கும். இவை எல்லாவற்றையும் கிட் மாட்டும் முன்பே முடித்துவிடுங்கள். காரணம் இருக்கிறது. முன் அனுமதி இல்லாமல் மாற்றம் செய்தால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். மாட்டிவிட்டு என்.ஓ.சி.க்கு அலைந்தால் அந்த 14 நாள் போன இடம் தெரியாது. விதிக்குப் புறம்பாக வண்டியை மாற்றினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று 2019-இல் திருத்திய சட்டத்தில் இருக்கிறது.

ஆய்வுக்குப் போகும்போது கிட் பில், அங்கீகாரச் சான்று, சிலிண்டர் சோதனைச் சான்று, பொருத்தியவர் தரும் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று, என்.ஓ.சி. எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் கொண்டுபோங்கள். பில்லில் கிட் எண்ணும் சிலிண்டர் எண்ணும் எழுதியிருக்க வேண்டும். சிலிண்டரில் குத்தியிருக்கும் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே குனிந்து பாருங்கள். ஒரு எண் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள், அங்கே போய் வாதாடிப் பயனில்லை. "இந்தப் பேப்பர் போதாது" என்று சொன்னால், எது போதாது என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வாசலில் நிற்கும் புரோக்கர் கேட்கும் தொகைக்கும் அரசுக் கட்டணத்துக்கும் சம்பந்தமே இல்லை. ரசீது இல்லாத பணம் எதையும் கொடுக்காதீர்கள்.

ஆர்.சி. மாறியதும் பலர் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தானாகத் தகவல் போகாது. நீங்கள்தான் புதிய ஆர்.சி. நகலையும் கிட் பில்லையும் கொடுத்து பாலிசியில் என்டார்ஸ்மென்ட், அதாவது கிட் இருப்பதைச் சேர்த்த குறிப்பு, வாங்க வேண்டும். வழக்கமாக கிட் விலையில் 4 சதவீதமும், மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 60 ரூபாயும் கூடுதலாகக் கேட்பார்கள். கிட்டுக்குச் செலவழிப்பதோடு பார்த்தால் இது சின்னத் தொகை. ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது, தாளில் வரவேண்டும்.

சிலிண்டருக்கு 3 வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) கட்டாயம். கம்பெனியிலேயே சி.என்.ஜி. பொருத்தி வந்த காருக்கும் இது உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. தேதி கடந்தால் பங்க்கில் கியாஸ் நிரப்பக் கூடாது.

வீட்டு கியாஸ் சிலிண்டரை வண்டிக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். அதைச் செய்து தருகிறேன் என்பவரிடம் பேச்சே வேண்டாம்.

லாபமா என்று கேட்டால், அது நீங்கள் ஓட்டும் தூரத்தைப் பொறுத்தது. பெட்ரோல் 100 ரூபாய், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், சி.என்.ஜி. கிலோ 90 ரூபாய், கிலோவுக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் சொச்சம் மிச்சமாகும். கிட்டுக்கு 60,000 ரூபாய் என்றால், போட்ட பணம் திரும்பி வர ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 14 மாதத்தில் வந்துவிடும். ஞாயிறு மட்டும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் எடுப்பவர், மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டினால், நாலரை வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஆர்.சி.யின் 15 வருடம் முடிந்துவிடும் பழைய கார் என்றால் செலவு செய்யவே வேண்டாம். "60 லிட்டர் சிலிண்டர்" என்பதிலும் கவனம் தேவை. அது சிலிண்டருக்குள் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்ற அளவு. அதில் பிடிக்கும் கியாஸ் 10 கிலோவுக்கும் குறைவுதான். உங்கள் தினசரி வழியில் பங்க் எங்கே, வரிசை எவ்வளவு என்று ஒருநாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எல்லாம் சரியாகப் பதிந்திருந்தும் இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்தால், முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஆனால் மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதனால் கடிதம் வந்த உறையையும் தூக்கிப் போடாதீர்கள், அதில்தான் தேதி முத்திரை இருக்கும்.