ஒரு சென்ட் ஏன் 435.6 சதுர அடி?

மனை வாங்கப் போன வாசகர் ஒருவரின் கேள்வி இது: "சென்ட்டுக்கு 435.6 சதுர அடி என்கிறார்கள். 400 என்றோ 500 என்றோ வைத்திருக்கக் கூடாதா? அந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்தது?"

66 அடி நீளமுள்ள ஓர் இரும்புச் சங்கிலியிலிருந்து வந்தது. பழைய சென்னை மாகாணத்தின் நிலவரி நிர்வாகம் பெரும்பாலும் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது.

கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை, மேற்கே மலபார், தென் கன்னடம் என்று பரந்து கிடந்த மாகாணம் அது. 1802இல் கொண்டுவந்த நிரந்தர ஏற்பாட்டின்படி ஜமீன்தாருக்கு ஒரே தொகை. அவர் பேரில் எத்தனை வயல், எவ்வளவு பரப்பு என்று அரசு எண்ண வேண்டியதில்லை. ஆனால் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பாராமகாலில் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பகுதி) அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் வேறு வழியில் போனார்கள். அரசு நேராக உழவனிடமே கிஸ்தி (நிலவரி) வாங்கும், அதுதான் ரயத்துவாரி. 1820இல் மன்றோ கவர்னரான பிறகு இதுவே மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் முறையானது. மேலே வருவாய் வாரியம், அதன்கீழ் கலெக்டர், தாசில்தார், பிர்கா (சில ஊர்கள் சேர்ந்த பகுதி) வருவாய் ஆய்வாளர், கடைசியில் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம். ஜூன் 30இல் பசலி என்னும் வருவாய் ஆண்டு முடிகிறது. ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கணக்கைச் சரிபார்க்கிறார்கள். வருவாய் வாரியமும் கர்ணம் பதவியும் 1980இல் தமிழ்நாட்டில் ஒழிந்தன; மற்றபடி இந்த ஏணி இன்றும் பெரிதாக மாறவில்லை.

உழவனிடம் நேராக வரி கேட்டால் அவன் வயலை அளந்தே ஆக வேண்டும். அதற்குமுன் இருந்த நில அளவுகள் குழி, மா, வேலி, காணி. அளக்கும் கோல் ஊருக்கு ஊர் மாறியது. கோயில் சுவர்களில் கோலின் நீளத்தைக் கோடாக வெட்டி வைத்திருப்பது இதனால்தான். ஒரு மாகாணத்துக்கே ஒரே கோல் வேண்டும் என்றபோது வந்ததுதான் கண்டர் சங்கிலி. 1858இல் தொடங்கிய ரெவின்யூ சர்வே அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தது.

ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்மண்ட் கண்டர் 1620 வாக்கில் வடிவமைத்தது அது. இங்கிலாந்தின் ஏக்கர் என்பது 66 அடி அகலம், 660 அடி நீளம். அதாவது 43,560 சதுர அடி. ஓர் அடிக்கோலை வைத்துக்கொண்டு இதைக் கணக்கிட்டால் தலை சுற்றும். கண்டர் செய்தது ஒன்றுதான்: 66 அடியை 100 கண்ணிகளாகப் பிரித்தார். ஒரு கண்ணி, அதாவது ஒரு லிங்க், 7.92 அங்குலம். இப்போது ஏக்கரின் அகலம் 100 லிங்க், நீளம் 1,000 லிங்க். ஏக்கருக்கு ஒரு லட்சம் சதுர லிங்க். அதில் நூறில் ஒரு பங்கு, 1,000 சதுர லிங்க், ஒரு சென்ட். (வங்காளத்தில் இதே அளவுக்கு டெசிமல் என்று பெயர்.) ஒரு லிங்க் 0.66 அடி. 0.66ஐ 0.66ஆல் பெருக்கி, வருவதை ஆயிரத்தால் பெருக்குங்கள், 435.6 வரும். அடியில் சொன்னால்தான் அந்தப் புள்ளி ஆறு. லிங்க்கில் சொன்னால் முழு ஆயிரம்!

இதன் அழகு வயலில் தெரியும். ஒரு நாற்கோண வயலின் இரு எதிர்முனை எல்லைக் கற்களுக்கு நடுவே நேர்கோடு இழுக்கிறார்கள். இது ஜி லைன். நீளம் 640 லிங்க். மற்ற இரு முனைகளிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் ஒருபக்கம் 150, மறுபக்கம் 210. இவைதான் ஆஃப்செட். 640ஐ 360ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 1,15,200. கடைசி மூன்று இலக்கங்களுக்கு முன்னால் புள்ளி வைத்தால் 115.2 சென்ட், ஒரு ஏக்கர் 15 சென்ட். வகுத்தல் வாய்ப்பாடு தேவையில்லை, புள்ளியை நகர்த்தினால் போதும். ஊர் ஊராகப் பல லட்சம் வயல்களின் கணக்கைக் கையால் போட்டு முடிக்க இந்த வசதி எவ்வளவு உதவியிருக்கும்!

வரப்பு வளைந்து போனால் அங்கங்கே ஆஃப்செட் எடுத்து, சின்ன முக்கோணமாகவும் சரிவகமாகவும் கூட்டுவார்கள். கோட்டின் தொடக்கத்தில் பிரியும் வரப்பு 80ஆவது லிங்க்கில் 12 லிங்க் வெளியே தள்ளி, 200இல் திரும்பக் கோட்டைத் தொட்டால் அந்தப் பிதுக்கம் 1,200 சதுர லிங்க், 1.2 சென்ட். புலப்படத்தில் (வயலின் சர்வே வரைபடத்தில்) கோட்டின் இருபுறமும் படிபோல எழுதியிருக்கும் எண்கள் இவைதான்.

பிழை எங்கே நுழையும்? முதலில் சங்கிலியில். இழுத்து இழுத்து வளையங்கள் வாய்பிளந்து சங்கிலி நீளும். இரண்டே அங்குலம் நீண்ட சங்கிலியால் அளந்தால் நீளம் கால் சதவீதம் குறைவாகக் காட்டும்; பரப்போ அரை சதவீதம் குறையும். நான்கு ஏக்கரில் இரண்டு சென்ட் கணக்கில் விழாது. கண்ணி வளைந்து சங்கிலி சுருங்கினால் நேர்மாறு: இல்லாத நிலத்துக்கு உழவன் கிஸ்தி கட்டுவான். அதனால்தான் வேலைக்குமுன் சங்கிலியைத் திட்ட அளவோடு ஒப்பிட வேண்டும். சரிவில் சங்கிலியைத் தரையோடு போட்டாலும் தவறு. பத்துக்கு ஒன்று சரிவில் சங்கிலிக்கு அரை லிங்க் கூடுதலாக வரும். படிப்படியாகக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். செங்கோணம் பார்க்கும் குறுக்குக்கோல் இரண்டு டிகிரி கோணினால் 100 லிங்க் ஆஃப்செட்டின் அடி மூன்றரை லிங்க் நகர்ந்துவிடும். ஆகவே நீண்ட ஆஃப்செட் ஆகாது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஈசானிய மூலை வளர வேண்டும் என்று வேலியை வடகிழக்கே இரண்டடி தள்ளிப் போடுகிறார்கள். வாஸ்துவால் வரும் பலன் எதுவும் இல்லை. பக்கத்து நிலத்தை ஆக்கிரமித்த வழக்குதான் வரும். புலப்படத்துக்குத் திசை ராசி கிடையாது. அதேபோல, செயற்கைக்கோள் கருவிக்கும் ட்ரோனுக்கும் செலவிடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிடுங்கிப்போன கற்களைத் திரும்ப நடவும் சர்வேயர் பணியிடங்களை நிரப்பவும் முதலில் பணம் வேண்டும். கல் இல்லாத இடத்தில் எந்தக் கருவியும் பழைய எல்லையைத் தானாகச் சொல்லிவிடாது.

உங்கள் புலப்படத்தைக் கையில் எடுத்தால் முதலில் அலகைப் பாருங்கள். மெட்ரிக் முறைக்குமுன் வரைந்தது லிங்க்கில் இருக்கும், பின்னது மீட்டரில். 150 லிங்க் என்பது 99 அடி. அதை அடியென்று படித்தால் நிலம் 2.3 மடங்கு பெருத்துத் தெரியும்.

ஒரு கல் காணாமல் போயிருந்தால், மிஞ்சிய கற்களில் இரண்டுக்கு நடுத்தூரத்தை அளந்து படத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துவந்தால் மட்டும் மேலே போகலாம். இரு கற்களிலிருந்தும் படத்தில் உள்ள நீளங்களுக்கு நாடா பிடித்து வில் போடுங்கள். வில்கள் இரண்டு இடத்தில் வெட்டும்; கல் கோட்டின் எந்தப் பக்கம் என்பது படத்திலேயே தெரியும். கிடைத்த புள்ளியிலிருந்து நான்காவது கல்லுக்கும் ஓர் அளவு போடுங்கள். அது படத்தோடு பொருந்தாவிட்டால் அளவில் பிழை இருக்கலாம், அல்லது மிஞ்சிய கற்களில் ஏதோ ஒன்றை யாரோ நகர்த்தியிருக்கலாம். அதற்குமேல் தாலுகா சர்வேயரிடம் மனுப் போட்டு அத்து (எல்லை) காட்டச் சொல்ல வேண்டும்.