வேப்பேரிப் பட்டமும் அமெரிக்க உரிமமும்

"சார், பி.வி.எஸ்சி. முடிச்சாச்சு. அமெரிக்கா வந்ததும் பிராக்டிஸ் ஆரம்பிக்கலாமா?" சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் எனக்குப் பின்னால் படித்த ஜூனியர் ஒருவராவது மாதத்துக்கு ஒருமுறை போனில் கேட்கிறார். முடியாது. ஏவிஎம்ஏ எனப்படும் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் அங்கீகாரம் இந்தியக் கல்லூரி எதற்கும் இல்லை. ஐந்தரை வருடம் படித்திருந்தாலும், வெளிநாட்டில் படித்த கால்நடை மருத்துவர்களின் தகுதியைச் சோதிக்கும் இசிஎஃப்விஜி, பேவ் என்ற இரண்டு திட்டங்களில் ஒன்றைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும். நான் வந்தது முதல் வழியில்.

என்னை முதலில் மறித்தது பரீட்சை இல்லை, இனிஷியல். பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட அஃபிடவிட், நோட்டரி என்று அலைந்தேன். ஊரில் இருக்கும்போதே இதைச் சரிசெய்துவிடுங்கள்.

ஆங்கிலத் தேர்வும், 225 கேள்விகள் கொண்ட பிசிஎஸ்இ என்ற பாடத் தேர்வும் புத்தகத்தோடு உட்கார்ந்தால் தாண்டக்கூடியவை. பல பேர் மாட்டிக்கொள்வது சிபிஇ என்ற செய்முறைத் தேர்வில். மூன்று நாள், ஏழு பிரிவு. பல ஆயிரம் டாலர் கட்டணம் வேறு. மாடு நமக்குக் கைவந்தது. குதிரை? கல்லூரியில் நான் குதிரையின் குளம்பைத் தூக்கிப் பார்த்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அறுவைப் பிரிவில் பெண் நாய்க்குக் கருத்தடை செய்ய வேண்டும். ஊரில் எத்தனையோ செய்தவன் என்ற திமிர் எனக்கு. பயிற்சி வகுப்பில், பொம்மை நாயின் மேல் வேலை செய்துகொண்டிருந்தபோது, நழுவிய மாஸ்க்கை க்ளவுஸ் போட்ட கையாலேயே மேலே தள்ளியிருக்கிறேன். எனக்கே தெரியாது. சொல்லிக் கொடுத்தவர் பேசாமல் புது க்ளவுஸ் பாக்கெட் ஒன்றைப் பிரித்து நீட்டினார். முகம் சுருங்கிப்போனது. அப்புறம் வீட்டில் தலையணைதான் நாய். க்ளவுஸ் மாட்டுவதிலிருந்து கடைசித் தையல் வரை வாய்விட்டுச் சொல்லியபடி பழகினேன்.

இதற்கு மேல், 360 கேள்விகள் கொண்ட நாவ்லி என்ற உரிமத் தேர்வும் உண்டு. உரிமம் தருவது மாநில போர்டு. ஒரு மாநிலத்து உரிமம் பக்கத்து மாநிலத்தில் செல்லாது.

அதுவரை கிளினிக்கில் உதவியாளர் வேலைதான். கூண்டு கழுவினேன், நாயைப் பிடித்துக்கொண்டேன். நோய் இன்னதென்று சொல்வதோ, மருந்து எழுதுவதோ, கத்தி எடுப்பதோ கூடாது. பொங்கல் விழாவில் ஒரு நண்பர், "நீங்க டாக்டர்தானே, எங்க நாய்க்கு வயித்தால போகுது, ஒரு மாத்திரை சொல்லுங்களேன்" என்றார். பக்கத்து கிளினிக்கின் நம்பரை அனுப்பினேன். அவருக்கு வருத்தம்தான். பாதி ஆறிய சர்க்கரைப் பொங்கலை இருவரும் பேசாமல் சாப்பிட்டோம்.